மூஸா நபியின் தாயும் ஆபரேஷன் தியேட்டர் வாசலும்

  

  அல்லாஹ் நமக்குக் கொடுத்த அமானிதங்களில் மிகச் சிறியதும் மிகக் கனமானதும் கைக்குழந்தைதான். அந்தக் குழந்தையின் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது ஒரு முஸ்லிம் குடும்பம் என்ன செய்ய வேண்டும், சுற்றியிருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

உங்கள் வீட்டில் நடப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பிரசவம் ஆகி மூன்று மாதம் ஆகிறது. குழந்தை பால் குடிக்க ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மூச்சு வேகமாக வாங்குகிறது. எடை ஏறவில்லை. பால் பற்றவில்லை என்று ஒருவர் சொல்கிறார், கண்ணேறு என்று இன்னொருவர் சொல்கிறார். தாவீஸ் கட்டியாகிவிட்டது, ஓதி ஊதியும் ஆகிவிட்டது. கடைசியில் மருத்துவர் ஒருவர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, எக்கோ எடுத்துப் பாருங்கள் என்கிறார். சேலத்துக்குப் போகிறீர்கள். குழந்தையின் இதயத்தில் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கிறது என்கிறார்கள்.

இது அபூர்வமான செய்தி இல்லை. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அவற்றில் அதிகம் காணப்படுவது இந்த ஓட்டைதான். சிறிய ஓட்டைகள் பல, குழந்தை வளர வளரத் தாமாகவே மூடிவிடுகின்றன. பெரிய ஓட்டை அப்படி இல்லை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாக நுரையீரலுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. குழந்தைக்கு மூச்சு வாங்குவது அதனால்தான். வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும், ஓட்டையை மூடும் காலம் கடந்துவிட்டது என்றுதான் சொல்வார். இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு இங்கே விலை உண்டு.

ஆனால் வீட்டில் முதலில் நடப்பது என்ன? விசாரணை! யாருடைய வயிற்றில் குறை, யாருடைய வம்சத்தில் குறை என்ற விசாரணை. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தியைத் தொட்டாயா, காய் நறுக்கினாயா என்று பத்து மாதம் சுமந்தவளைக் கூண்டில் ஏற்றுகிறோம். உதடு பிளந்து பிறந்தாலும் இதே கேள்விதான், இதயத்தில் ஓட்டை என்றாலும் இதே கேள்விதான். கலிமா சொன்ன வீட்டில் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

ஹிஜ்ரி பத்தாம் ஆண்டு நபி (ஸல்) அவர்களின் கைக்குழந்தை இப்ராஹீம் வஃபாத்தானார். அன்று சூரிய கிரகணமும் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யார் பிறந்தாலும் யார் இறந்தாலும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அந்தத் துக்கத்திலேயே விளக்கிச் சொன்னார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது. தம் பிள்ளையின் மரணத்தோடு கிரகணத்தை முடிச்சுப் போட நபியவர்கள் அனுமதிக்கவில்லை. உங்கள் மருமகளின் பிரசவத்தோடு அதை முடிச்சுப் போட உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?

சகோதரர்களே! குர்ஆனில் ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கையிலிருந்து விடுகிற காட்சி 28-வது அத்தியாயமான அல்கஸஸில் வருகிறது. ஃபிர்அவ்னின் ஆட்கள் ஆண் குழந்தைகளைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள். மூஸா (அலை) பிறந்துவிட்டார்கள். அவர்களின் தாயாருக்கு அல்லாஹ் உள்ளத்தில் உதிக்கச் செய்கிறான். முதலில் வருவது, அவருக்குப் பாலூட்டு என்பது. பயம் வந்தால் அவரை ஆற்றில் விட்டுவிடு என்பது அடுத்தது. பயப்படாதே, கவலைப்படாதே, அவரை உன்னிடமே திருப்பிக் கொண்டு வருவோம் என்ற வாக்குறுதி அதன் பிறகு வருகிறது.

இதை ஓதும்போது வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கரையோரம் நம் பிள்ளைகளை நிற்கவே விடுவதில்லை. அது கல்வராயன் மலையில் பிறந்து வரும் சிற்றாறு. நைல் எப்பேர்ப்பட்ட நதி! அதில் ஒரு பெட்டியை வைத்து, அந்தப் பெட்டியில் பால் மணம் மாறாத பிள்ளையை வைத்துக் கையை எடுக்க வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றுவதற்கு வழி, பிள்ளையை விடுவது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு தாய் செய்வதும் இதுதான். அங்கே முதலில் அவளிடமிருந்து எடுக்கப்படுவது பாலூட்டும் உரிமை. அறுவைக்கு நான்கு மணி நேரம் முன்பே தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள். வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது காரணம். காரணம் பெரியவர்களுக்குப் புரியும், குழந்தைக்கு எப்படிப் புரியும்? மார்பில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழும். தாய்க்கோ பால் கட்டி வலிக்கும். கொடுக்கவும் முடியாமல், தள்ளிப் போகவும் மனம் இல்லாமல் வார்டில் நடந்துகொண்டே இருப்பாள். பிறகு பச்சை உடை போட்ட ஒருவர் வந்து இரண்டு கையையும் நீட்டுவார். அந்தக் கைகளில் பிள்ளையை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் தகப்பன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தில் மரணம் என்ற சொல்லும் இருக்கும். மூஸா (அலை) அவர்களின் தாய்க்கு, திரும்ப வரும் என்ற வாக்குறுதி அல்லாஹ்விடமிருந்து நேரே கிடைத்தது. இந்தத் தாய்க்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அவளுடைய நடையை லேசாக நினைக்காதீர்கள்.

வாக்குறுதி கிடைத்த அந்தத் தாயின் நிலையே எப்படி இருந்தது என்று குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது. அவருடைய இதயம் வெறுமையாகிவிட்டது. அவருடைய உள்ளத்தை நாம் கட்டியிருக்காவிட்டால் உண்மையை வெளியே சொல்லியிருப்பார் என்கிறான் அல்லாஹ். அங்கே வரும் சொல் ‘ரபத்னா’. குதிரையை முளையில் கட்டுவதற்கும், அவிழ்ந்துவிடாமல் ஒன்றை இறுக்கி முடிச்சுப் போடுவதற்கும் அரபியில் இந்தச் சொல்தான். நம்பிக்கை உள்ளவரின் இதயம் ஆடாது என்று அல்லாஹ் சொல்லவில்லை. ஆடிய இதயத்தை நான் கட்டினேன் என்கிறான். தியேட்டர் வாசலில் கைகால் நடுங்குகிற தகப்பனைப் பார்த்து, ஈமான் இல்லையா உனக்கு என்று கேட்பவர்கள் இந்த வசனத்தை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

அறுவை சிகிச்சை தவக்குலுக்கு மாற்றமா என்ற கேள்வியை நம் ஊரிலும் கேட்கிறார்கள். நீண்ட பதில் தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கற்றுத்தந்த நபியின் உம்மத் நாம். வைத்தியம் செய்துகொள்ளுங்கள், நிவாரணம் இல்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை, முதுமையைத் தவிர என்று கிராமத்து அரபிகளுக்கு நபியவர்கள் பதில் சொன்னதை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். துஆவும் வேண்டும். ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நபியவர்கள் பாதுகாப்பு துஆ ஓதி வந்தார்கள். அதே துஆவை உங்கள் பிள்ளைக்கும் ஓதுங்கள், ஓதிவிட்டு எக்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த இதயச் சுவரைப் பற்றி ஒரு செய்தி. இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாகத்தான் ரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை உலகம் ஆயிரம் வருடம் நம்பிக்கொண்டிருந்தது. 1242-ல் இப்னு நஃபீஸ் (ரஹ்) அதை மறுத்தார். அந்தச் சுவர் தடிமனானது, அதில் துளை கிடையாது, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் வருகிறது என்று இப்னு ஸீனாவின் மருத்துவ நூலுக்கு எழுதிய விரிவுரையில் சொன்னார். அவர் மருத்துவர் மட்டுமல்ல, ஷாஃபி மத்ஹபின் சட்ட அறிஞரும்கூட. அந்தக் கையெழுத்துப் பிரதியை 1924-ல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்தில் கண்டெடுத்த பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. ஃபிக்ஹும் மருத்துவமும் ஒரே நெஞ்சில் குடியிருந்த காலம் நமக்கும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

துளை இருக்கக் கூடாத அந்தச் சுவரில் துளையோடு பிறந்த ஒரு பிள்ளையின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரம், 1954 மார்ச் 26. கிரெகரி என்ற அந்தக் குழந்தைக்கு ஒரு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏற்கெனவே ஒரு மகளை இதயக் கோளாறுக்குப் பறிகொடுத்த குடும்பம் அது. இதயத்தைத் திறந்து தைக்க வேண்டுமென்றால், தைக்கும் நேரத்தில் உடம்புக்கு யாராவது ரத்தத்தை ஓட்ட வேண்டும். இன்று அதற்கு இயந்திரம் இருக்கிறது. அன்று இயந்திரம் கைகொடுக்கும் நிலையில் இல்லை. வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார். தகப்பன் ஒரு மேஜையில் படுக்க வேண்டும், பிள்ளை பக்கத்து மேஜையில். தகப்பனுடைய தொடைக் குழாயிலிருந்து வரும் நல்ல ரத்தம் பிள்ளையின் உடம்புக்குள் போகும். பிள்ளையின் கெட்ட ரத்தம் தகப்பன் உடம்புக்குள் வரும். தகப்பனுடைய இதயமும் நுரையீரலும் இருவருக்குமாக வேலை செய்யும். ஒரு ஆபரேஷனில் இரண்டு உயிர் போகக்கூடும் என்று சக மருத்துவர்களே பயந்தார்கள். தகப்பன் சம்மதித்துப் படுத்தார்.

ஓட்டை மூடப்பட்டது. பிள்ளை பிழைத்து எழுந்தது. பதினோரு நாள் கழித்து நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் அந்தப் பிள்ளை இறந்துபோனது. இறந்த பிறகு பார்த்தபோது இதயத்தில் போட்ட தையல் அப்படியே உறுதியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் தொடர்ந்தார்கள். அடுத்த ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில், கிரெகரியையும் சேர்த்து, 45 பேருக்கு இந்த முறையில் அறுவை செய்தார்கள். 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். அந்த வீடுகளில் விளக்கு எரிந்ததற்கு, திரும்பி வராத ஒரு பிள்ளையும் பக்கத்து மேஜையில் படுத்த ஒரு தகப்பனும் காரணம். அவர்கள் முஸ்லிம்கள் இல்லை. ஒரு உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போல என்ற அல்மாயிதா அத்தியாயத்தின் செய்தியை வாசிக்கும்போது எனக்கு அந்த இரண்டு மேஜைகள் நினைவுக்கு வரும்.

நாற்பத்தொன்பது ஆண்டுகள் தள்ளி வாருங்கள். 2001 டிசம்பரில் நம் நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ஓடிய டெல்லி - லாகூர் பேருந்து நின்றுபோனது. எல்லையில் இரண்டு பக்கமும் ராணுவம் மாதக்கணக்கில் எதிரெதிரே நின்றது. 2003 ஜூலையில் பேருந்து மறுபடியும் ஓட ஆரம்பித்தபோது, லாகூரிலிருந்து வந்த முதல் பேருந்தில் பெற்றோரோடு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நூர் பாத்திமா, வயது இரண்டரை. அவளுக்கும் இதயத்தில் ஓட்டைகள்தான். பெங்களூரில் நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையில் ஜூலை 15 அன்று அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, வெற்றியாக முடிந்தது. எந்த நாட்டைப் பற்றி அவர்கள் ஊரில் பயத்தோடு பேசினார்களோ, அந்த நாட்டின் மக்கள் அவளுக்குப் பொம்மை அனுப்பினார்கள், பூ அனுப்பினார்கள். கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் அவளுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள்.

அந்தப் பெற்றோரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தெரியாத மொழி, தெரியாத ஊர், பகை நாடு. பிள்ளையின் நெஞ்சைத் திறக்கப் போகிறவர் தன் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. மூஸா (அலை) இருந்த பெட்டி எங்கே போய்ச் சேர்ந்தது? ஃபிர்அவ்னின் அரண்மனையில்! எந்த வீட்டைக் கண்டு தாய் நடுங்கினாரோ அந்த வீட்டிலேயே, ஆசியா அம்மையாரின் உள்ளத்தில் அல்லாஹ் அன்பைப் போட்டு வைத்திருந்தான். உதவி எந்தக் கையில் வரும் என்பதை அவனே தீர்மானிக்கிறான். சேலத்திலோ எழும்பூரிலோ வேலூரிலோ உங்கள் பிள்ளைக்கு ராத்திரி முழுவதும் கண்விழிக்கும் நர்ஸ் அம்மாவின் நெற்றியில் பொட்டு இருக்கலாம், கழுத்தில் சிலுவை இருக்கலாம். மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி சொன்னவராக மாட்டார் என்பது நபிமொழி. டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைப் பார்க்கிறோம், மருந்துச் சீட்டை வாங்குகிறோம், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிடுகிறோம்.

எல்லாப் பிள்ளையும் திரும்பி வருவதில்லை. இதைச் சொல்லாமல் தாண்டிப் போனால், பறிகொடுத்த வீட்டாருக்கு நாம் அநியாயம் செய்தவர்களாவோம்.

நபி (ஸல்) அவர்களின் மகளார், தம் பிள்ளை கடைசி மூச்சில் இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். எடுத்ததும் கொடுத்ததும் அல்லாஹ்வுக்கே உரியவை, பொறுமையோடு நன்மையை நாடட்டும் என்று நபியவர்கள் பதில் அனுப்பினார்கள். மகளார் விடவில்லை, கட்டாயம் வரவேண்டும் என்று சத்தியமிட்டு மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். நபியவர்கள் எழுந்து போனார்கள். குழந்தையை மடியில் வைத்தார்கள். பழைய தோல் பையில் தண்ணீர் குலுங்குவதுபோல் குழந்தையின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நபியவர்களின் கண்களில் நீர் வழிந்தது. ஸஅத் (ரலி) ஆச்சரியப்பட்டு, இது என்ன என்று கேட்டார்கள். அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளத்தில் வைத்த இரக்கம் இது, இரக்கம் உள்ளவர்களுக்கே அல்லாஹ் இரங்குவான் என்று பதில் வந்தது.

கவனித்தீர்களா? உபதேசத்தை முதலில் அனுப்பிய நபியவர்கள், மகள் கேட்டதும் நேரில் போனார்கள். நாம் உபதேசத்தோடு நின்றுவிடுகிறோம். போனில் ‘ஸப்ர் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். சிலர் அதைவிட மோசம். “அழாதே, இன்னொண்ணு பெத்துக்கலாம்” என்கிறார்கள். தன் இப்ராஹீமுக்காக அழுத நபியவர்களிடம், அவர்களுக்குப் பிறகும் பிள்ளை பிறக்கும் என்று எந்த ஸஹாபியும் சொல்லவில்லை. இன்னொரு பிள்ளை இன்னொரு பிள்ளைதான். இறந்த பிள்ளைக்கு அது பதில் ஆகாது.

இனி ஜமாஅத்தின் வேலைக்கு வருகிறேன். மூஸா (அலை) அவர்களின் தாய், பெட்டியை ஆற்றில் விட்டதும் என்ன செய்தார்? மகளைக் கூப்பிட்டு, பின்னாலேயே போ என்றார். அந்த அக்கா கரையோரமாகவே போனாள். யாருக்கும் சந்தேகம் வராதபடி தூரத்திலிருந்து பார்த்தாள். குழந்தை எந்தச் செவிலியின் பாலையும் குடிக்காதபோது, இதைப் பொறுப்பாக வளர்க்கும் ஒரு வீட்டைக் காட்டட்டுமா என்று சரியான நேரத்தில் போய்ச் சொன்னாள். பிள்ளை தாயின் மார்புக்கே திரும்பி வந்தது. தாய் ஆற்றில் இறங்கி ஓட முடியாது, அவருடைய கால் உடைந்துவிட்டது போன்ற நேரம் அது. கரையோரம் நடக்க இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் நீங்கள்தான். சின்னசேலத்திலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் குழந்தையைக் கொண்டுபோகிறது என்றால், அந்தத் தகப்பனுக்கு எந்தக் கவுன்டரில் நிற்பது என்று தெரியாது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு பழங்குடிக் குடும்பம் என்றால் கச்சிராயபாளையம் இறங்குவதே ஒரு பயணம். அவர்கள் நம் ஜமாஅத் இல்லையே என்று நினைக்காதீர்கள், அண்டை வீட்டாரின் உரிமைக்கு மஹல்லா எல்லை கிடையாது. படித்த பிள்ளை ஒருவன் கூடவே போகட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இதய அறுவை சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் என்று காகிதம் சேர்ப்பதில்தான் நாள் போகும். விவரம் தெரிந்தவர் கூட நின்றால் அந்த நாள்கள் மிச்சமாகும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நடமாடும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு அது. “எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லே” என்று அன்றைக்குப் பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள். அந்தக் குழு எழுதிக் கொடுக்கும் சீட்டு கள்ளக்குறிச்சி வழியாகப் பெரிய மருத்துவமனைக்குக் கதவைத் திறக்கும்.

இளைஞர்களே, ரத்தம்! திறந்த இதய அறுவைக்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும், கொடுப்பதற்கு ஆள் கொண்டுவரச் சொல்வார்கள். மினியாபோலிஸில் அந்தத் தகப்பன் தன் உடம்பையே பிள்ளையோடு கட்டிக்கொண்டு படுத்தார். உங்களிடம் கேட்பது ஒரு யூனிட்தான். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உயிர் காக்கும் தேவைக்காக ரத்தம் கொடுப்பது கூடும் என்று இக்கால உலமாக்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் உங்கள் ரத்த வகையையும் போன் நம்பரையும் இமாமிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த மிம்பரில் நின்று இன்னொன்றும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜும்ஆவின் முக்கியத்துவம் உங்களுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, பத்ருப் போரின் சிறப்புப் பெற்ற ஸயீத் இப்னு ஜைத் (ரலி) நோயுற்றிருப்பதாக இப்னு உமர் (ரலி) அவர்களுக்குச் செய்தி வருகிறது. பொழுது ஏறிவிட்டது, ஜும்ஆ நேரம் நெருங்குகிறது. ஸுன்னத்தில் அணுவளவும் பிசகாத இப்னு உமர் (ரலி) வாகனத்தில் ஏறி நோயாளியிடம் போய்விடுகிறார்கள், அன்று ஜும்ஆவை விட்டுவிடுகிறார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. ஐசியூவில் குழந்தை இருக்க, வாசலில் வேறு ஆள் இல்லாமல் தனியாக நிற்கும் தகப்பன், மருத்துவர் எந்த நேரமும் கூப்பிடலாம் என்ற நிலையில் அங்கேயே லுஹர் தொழுதுகொள்ளட்டும். அவர் ஜும்ஆவுக்கு வரவில்லை என்று பேசாமல், அவருக்கு மாற்றாக வாசலில் நிற்க ஒருவர் போயிருந்தால் அவரும் வந்திருப்பார் என்று யோசியுங்கள்.

அறுவை முடிந்து முதல் தடவை குழந்தையைப் பார்க்கும்போது தாய் தனியாகப் போக வேண்டாம். மூக்கிலும் வாயிலும் குழாய், நெஞ்சு நடுவில் கட்டு, கைகால் எல்லாம் ஒயர், முகம் வீங்கியிருக்கும். இது என் பிள்ளையா என்று கேட்பாள். அவளுடைய தாயோ அக்காவோ கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும் என்று சொல்ல வேண்டும். பாலைப் பீய்ச்சி எடுத்துவரச் சொல்வார்கள், முதலில் குழாய் வழியாகச் சில மில்லி கொடுப்பார்கள். பிள்ளை மார்பில் வாய் வைக்கும் நாள் வரும்போது அவளுடைய கண் குளிரும். மூஸா (அலை) திரும்பி வந்ததைச் சொல்லும் வசனத்தில் அல்லாஹ் சொல்லும் வார்த்தையும் அதுவே. தாயின் கண் குளிர்வதற்காகத் திருப்பிக் கொடுத்தோம் என்கிறான்.

யா அல்லாஹ்! இந்த நேரத்தில் எந்தெந்த ஊரிலோ ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும் கைக்குழந்தைகளை உன் பொறுப்பில் ஒப்படைக்கிறோம். அவர்கள்மேல் குனிந்திருக்கும் மருத்துவர்களின் விரல்களை நடுங்காமல் வை. வாசலில் நிற்கும் தாய் தகப்பன் உள்ளங்களை மூஸா (அலை) அவர்களின் தாயின் உள்ளத்தைக் கட்டியதுபோல் கட்டு. பிள்ளைகளைத் திருப்பிக் கொடு. நீ எடுத்துக்கொண்ட பிள்ளைகளை இப்ராஹீம் நபியின் பராமரிப்பில் வைத்து, மறுமையில் பெற்றோரின் கையைப் பிடிக்க அனுப்பு. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.